பெயரில்லா மனுவின் முகவரி

ஜமுனாமரத்தூரில் நான் நடத்தும் கணினிக் கடைக்கு வரும் வேலையில் பெரும்பங்கு மனு எழுதுவதுதான். பட்டா மாறுதல், சாதிச் சான்று, வன உரிமைச் சட்டப்படி கொடுத்த விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்ற கேள்வி, நூறு நாள் வேலையில் கூலி ஏறவில்லை என்ற முறையீடு. இவற்றில் பெயர், தகப்பன் பெயர், ஊர், ஆதார், செல் நம்பர் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். கேட்பவருக்கும் அதில் தயக்கம் கிடையாது. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் பெயரைச் சொல்லி உரிமை கேட்கத் தயங்குகிறவர்கள் அல்லர்.

வேறு விதமான மனு ஒன்று உண்டு. அதைக் கொண்டுவருபவர் கடையில் கூட்டம் கலையும்வரை ஜெராக்ஸ் மிஷின் ஓரமாக நிற்பார். கடைசியில் கிட்டே வந்து, "ணா, பேரு போடாம ஒண்ணு மெயில் அனுப்பணும்" என்பார். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணம் என்பதாக இருக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு போன குடும்பம் எங்கோ ஒரு சூளையில் மாட்டிக்கொண்டது, திரும்பி வர விடமாட்டேன் என்கிறார்கள் என்பதாக இருக்கும். மரம் வெட்ட ஆள் சேர்க்கிற புரோக்கர் மறுபடி ஊருக்குள் வந்து போகிறார் என்பதாக இருக்கும். போடாத ரோட்டுக்குப் பில் போன கதையாகவும் இருக்கும்.

பெயரை மறைப்பது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நான் 2015 ஏப்ரல் 7ஆம் தேதியைச் சொல்வேன். அன்று திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கூலிக்குப் போனவர்கள். பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். இந்த மலையிலும் சாவு விழுந்தது. ஆள் சேர்த்து அனுப்பியவர்கள் யார் என்பது எத்தனையோ வீடுகளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லப் பாதுகாப்பான ஒரு வழி இருந்திருந்தால் சிலர் போகாமல் இருந்திருப்பார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். பெயரில்லா மனுவை நான் அக்கறையோடு செய்வதற்குக் காரணம் அதுதான்.

மலையில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தபாலில் போட்டால் கையெழுத்து காட்டிக்கொடுக்கும், போஸ்ட் ஆபீஸில் இருப்பவருக்கு முகம் தெரியும். மெயிலில் போட்டால் யாருக்கும் தெரியாது என்பது அந்த நம்பிக்கை. எனக்குத் தெரிந்தவரை இதற்கு நேர் எதிரானதே உண்மை. கடையில் விலைப்பட்டியலில் இல்லாத வேலையாக நான் செய்துவருவது இதை ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் காட்டுவது.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, ஏதாவது ஒரு கடிதத்தின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தொட்டால் கடிதத்தின் முழு உடம்பும் தெரியும். போனில் இருக்கும் ஜிமெயில் செயலியில் இந்த வசதி இல்லை. அதனாலேயே பெரும்பாலானவர்கள் இதைப் பார்த்ததே இல்லை. நாம் எழுதிய நாலு வரிக்கு மேலே, நாம் எழுதாத வரிகள் பக்கக்கணக்கில் இருக்கும். அதைத்தான் ஹெடர் என்கிறோம். கடிதம் எந்தெந்த சர்வர் வழியாக வந்ததோ அந்த ஒவ்வொன்றும் 'ரிசீவ்டு' என்று ஆரம்பித்து ஒரு வரி எழுதும்: யாரிடமிருந்து வாங்கினேன், எத்தனை மணிக்கு வாங்கினேன். வழியில் உள்ள தபால் ஆபீஸ் ஒவ்வொன்றும் உறைமேல் முத்திரை குத்துவதைப் போல. புதிய வரி எப்போதும் மேலே சேரும். ஆகவே கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அடியில் இருப்பதுதான் கடிதம் புறப்பட்ட இடம். இந்த ஏற்பாடு 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்ற மின்னஞ்சல் விதிகளிலேயே இருக்கிறது. அன்றைக்குக் கடிதம் வழியில் தொலைந்தால் எங்கே தொலைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். ஆராய்ச்சிக் கூடங்களில் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் எழுதிக்கொண்ட காலம். அனுப்பியவருக்கு அதனால் ஆபத்து வரும் என்ற எண்ணத்துக்கு அங்கே தேவையே இருக்கவில்லை.

ரிசீவ்டு வரிகளோடு வேறு சிலவும் உண்டு. கடிதத்துக்கு ஒரு மெசேஜ் ஐடி. அனுப்பிய மென்பொருளின் பெயரும் பதிப்பும் சொல்லும் எக்ஸ்-மெயிலர். எந்த நேர மண்டலத்திலிருந்து எழுதினோம் என்று காட்டும் +0530. பதில் எங்கே போக வேண்டும் என்ற ரிப்ளை-டூ. பழைய ஹாட்மெயிலில் எக்ஸ்-ஒரிஜினேட்டிங்-ஐபி என்று ஒரு வரி இருந்தது. அனுப்பியவர் உட்கார்ந்திருந்த இணைப்பின் ஐபி எண்ணை அது அப்படியே சொல்லிவிடும். யாஹூவும் அந்தக் காலத்தில் அதை ரிசீவ்டு வரியிலேயே காட்டியது. இப்போது ஜிமெயிலை பிரவுசரில் திறந்து அனுப்பினால் நம் ஐபி பெறுபவருக்குத் தெரியாது. ஆனால் அதே ஜிமெயில் கணக்கை அவுட்லுக், தண்டர்பேர்ட் மாதிரி மென்பொருளில் போட்டு அனுப்பினால் அடி வரியில் ஐபி வந்துவிடும். கணக்கு ஒன்றுதான், அனுப்பிய வழி மாறினால் வெளியே போகும் தகவலும் மாறும். இந்த வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். பலர் நம்புவதில்லை, இரண்டு விதமாகவும் அனுப்பிக் காட்டிய பிறகு நம்புகிறார்கள்.

ஐபியைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. அவுட்லுக் வழியாக அனுப்பும்போது அந்தக் கணினிக்கு விண்டோஸில் வைத்திருக்கும் பெயரும் அடி வரியில் போகலாம். கடைகளில் சிஸ்டத்துக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? கடைப்பெயர்தான். அல்லது கடைக்காரர் மகன் பெயரோடு 1, 2, 3. ஐபி எண் யாருடையது என்று அறிய இணைப்பு தரும் நிறுவனத்திடம் போலீஸ் எழுத்தில் கேட்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 91ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு. புகாருக்கு உள்ளான காண்ட்ராக்டர் அதைக் கேட்டு வாங்க முடியாது. கடைப்பெயரைப் படிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. கையில் கடிதம் கிடைத்தால் போதும்.

சென்னையில் இருப்பவருக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பெரிதாகிறது. தி. நகரில் ஒரு ஐபி எண் என்றால் அதற்குப் பின்னால் ஆயிரம் பேர் நிற்கலாம். செல்போன் டேட்டாவில் ஒரே பொது எண்ணை ஒரே நேரத்தில் ஏராளமானவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இணையத்தில் அந்த எண்ணைத் தேடினால் சென்னை என்றோ பெங்களூர் என்றோதான் காட்டும். மலையில் லேண்ட்லைன் பிராட்பேண்ட் வைத்திருக்கும் கடை விரல்விட்டு எண்ணக்கூடியது. மதியம் இரண்டு மணிக்கு பஸ் போன பிறகு என் கடையில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர். கடைத்தெருவில் பத்துப் பேர் அவரைப் பார்த்திருப்பார்கள். 'மேல்பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நேற்று ரொம்ப நேரம் உள்ளே இருந்தாரே' என்று டீக்கடையில் பேச்சு வந்துவிட்டால் ஐபி எண் தேவையே இல்லை. கடிதத்தின் நேரம் மட்டும் போதும். பெருநகரத்துக்கு எழுதப்பட்ட அறிவுரைகளை மலைக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. கூட்டம்தான் அனுப்பியவரை மறைக்கிறது. இங்கே கூட்டம் இல்லை.

கடை விதிகளும் இருக்கின்றன. 2011இல் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், முகவரி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் எல்லாம் பதிவேட்டில் எழுதி, குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. நான் அந்த நோட்டை ஒழுங்காக வைத்திருக்கிறேன். ஒழுங்காக வைத்திருப்பதால்தான் வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "இங்க உக்காந்து அனுப்பினா உங்க பேரு என் நோட்டுல இருக்கும். போலீஸ் முறையா கேட்டா நான் குடுத்துத்தான் ஆகணும்." இதைச் சொன்னதும் எழுந்து போனவர்கள் உண்டு. சொல்லாமல் உட்கார வைப்பது என்னால் முடியாது.

போலீஸ் கேட்பதை நான் தவறாக நினைக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 67ஆம் பிரிவில் நாட்டிலேயே முதலில் தண்டனை வாங்கித் தந்த வழக்கு என்று சொல்லப்படுவது சென்னையில் நடந்தது. 2004 நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் சுஹாஸ் கட்டி என்பவருக்குத் தண்டனை கொடுத்தது. மணவிலக்கு ஆன ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதிப் போட்டு, அந்தப் பெண்ணுக்கு ஓயாமல் போன் வரும்படி செய்த வழக்கு. அனுப்பிய இடத்தைத் தேடிப் போனபோது வழி பிரவுசிங் சென்டர்களில் போய் முடிந்தது. கடைக்காரர்கள் சாட்சி சொன்னார்கள். அந்தத் தடம் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்திருக்காது. இதை என் தொழில்காரர்கள் பெருமையாகவே சொல்லலாம்.

ஆனால் தடம் தவறான வாசலிலும் கொண்டுபோய் நிறுத்தும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர்ச்சியாகக் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு யாஹூ மெயில் வந்தது. ஹெடரில் இருந்த ஐபி நவி மும்பையின் சான்பாடாவில் ஒரு அமெரிக்கரின் வீட்டுக்குப் போனது. அவருடைய வைஃபைக்குப் பூட்டு இல்லை. வெளியே இருந்து யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் நடந்தது இன்னும் கொடுமை. ஆர்குட் சமூக வலைத்தளத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியை இழிவுபடுத்திப் படம் போட்டதாக பெங்களூரில் ஒரு மென்பொருள் பொறியாளரைப் புனே போலீஸ் பிடித்துப் போனது. இணைப்பு நிறுவனம் கொடுத்த ஐபி விவரமே தவறு. சுமார் 50 நாள் அவர் சிறையில் இருந்தார்.

நேரம் படிப்பதிலும் இந்த அபாயம் இருக்கிறது. கூகுளின் சர்வர்கள் எழுதும் ரிசீவ்டு வரிகளில் நேரம் கலிபோர்னியாக் கணக்கில் இருக்கும்: -0700 அல்லது -0800. இங்கே காலை 10.15க்கு அனுப்பியது -0700 கணக்கில் முந்தைய நாள் இரவு 9.45 என்று பதிவாகும். ஒரே பொது எண்ணைப் பலர் பங்கிடும் செல்போன் இணைப்பில், கணக்குக் கொஞ்சம் பிசகினாலும் வேறொரு வீட்டுக் கதவு தட்டப்படும். அடி வரிகளை அனுப்புபவரே பொய்யாக எழுதிச் சேர்க்கவும் முடியும். பெறுபவரின் சொந்த சர்வர் எழுதிய மேல் வரிகளைத்தான் முழுதாக நம்பலாம். விவரம் தெரிந்த புலனாய்வாளர் ஹெடரில் தொடங்குவார், அதோடு முடித்துக்கொள்ளமாட்டார்.

'ஃப்ரம்' என்ற இடத்தில் தெரியும் பெயர் இவை எல்லாவற்றையும்விட எளிதாக எழுதக்கூடியது. 'கலெக்டர் ஆபீஸ்' என்று பெயர் வைத்து ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்க ஐந்து நிமிடம் ஆகாது. உதவித்தொகை வந்திருக்கிறது, முன்பணம் கட்டுங்கள் என்று வந்த மெயில்களைப் பிள்ளைகள் பிரிண்ட் எடுக்கக் கொண்டுவருகிறார்கள். ஷோ ஒரிஜினலில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரி இருக்கும். கடிதம் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று அவை சொல்லும். மூன்றும் 'பாஸ்' ஆனாலும் எழுதிய ஆள் நல்லவரா என்று சொல்லாது. ஜிமெயிலிலிருந்து வந்த ஏமாற்றுக் கடிதமும் பாஸ் ஆகும், அது ஜிமெயிலிலிருந்துதான் வந்தது என்பதால். ஃப்ரம் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் முகவரி gov.in என்றோ nic.in என்றோ முடிகிறதா என்று பார்க்கச் சொல்வதே பிள்ளைகளுக்குப் போதும்.

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்குக் குண்டு மிரட்டல் மெயில் வந்தது. பெற்றோர் வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளி வாசலுக்கு ஓடினார்கள். மெயில் வந்தது சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயிலிலிருந்து. அதன் ஹெடரில் அனுப்பியவரின் ஐபி இருக்காது. தமிழகப் போலீஸ் அந்தச் சேவையையே முடக்கக் கேட்டது. பேச்சு சுவிஸ் அரசுவரை போனது. பிறகு வேறொரு வழக்கில் 2025 ஏப்ரல் 29 அன்று கர்நாடக உயர் நீதிமன்றமும் முடக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னது. என் அக்கா பிள்ளைகள் சென்னையில் படிக்கிறார்கள். அந்த நாளின் பயம் எனக்குத் தெரியும். இருந்தும் சேவையை முடக்குவது சரியென்று எனக்குப் படவில்லை. மிரட்டுபவன் வேறு பத்துச் சேவைக்குப் போவான். அதே சேவையை நம்பி உண்மையைச் சொல்ல வந்தவருக்குத்தான் வழி அடைபடும். புரோட்டானும் முழு மறைவு தருவதில்லை என்பதை நான் சேர்த்தே சொல்கிறேன்: 2021இல் பிரான்சு கேட்டுக்கொண்டதன்பேரில் சுவிஸ் அதிகாரிகள் பிறப்பித்த உத்தரவுக்குப் பணிந்து, ஒரு சுற்றுச்சூழல் போராளியின் ஐபியை அந்த நிறுவனம் பதிவுசெய்து கொடுத்தது. சட்டம் முறையாகக் கேட்டால் வழி இருக்கிறது. நேரம் ஆகும், அவ்வளவுதான்.

இவ்வளவு தொழில்நுட்பம் பேசிய பிறகும், மலையில் நான் பார்த்தவரை அனுப்பியவரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஐபி இல்லை. கடிதத்தைப் பெற்ற அலுவலகம்தான்.

ஒரு பையன் ரோட்டு வேலை பற்றி ஒரு அலுவலகத்துக்குத் தன் போனிலிருந்தே மெயில் அனுப்பினான். அடியில் பெயர் போடவில்லை. 'ஊர்ப் பொதுமக்கள்' என்று முடித்திருந்தான். அவன் ஜிமெயில் கணக்கின் பெயர் அவன் முழுப்பெயர், தகப்பன் இனிஷியலோடு. அலுவலகத்தில் அதைப் பிரிண்ட் எடுத்தார்கள். ஜிமெயிலில் பிரிண்ட் கொடுத்தால் தாளின் தலைமாட்டிலேயே அனுப்பியவர் பெயர், முகவரி, நேரம் மூன்றும் விழும். 'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதிக் கீழே அனுப்பினார்கள். அங்கிருந்து இன்னும் கீழே. கடைசியில் அந்தத் தாளின் நகல் ரோட்டுக்குப் பொறுப்பானவர் கையிலேயே இருந்தது. பையனின் தகப்பனைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள். அடி, உதை எதுவும் இல்லை. ஆனால் அந்த வருஷம் அந்தக் குடும்பத்துக்கு ஊரில் வேலை கிடைக்கவில்லை. பையன் திருப்பூர் போய்விட்டான்.

இதைவிடப் பெரியது 2002இல் நடந்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலை வேலையில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டிருந்தார். தன் சொல்லுக்கு நம்பகம் வேண்டும் என்பதற்காகத் தன்னைப் பற்றிய விவரத்தைத் தனித்தாளில் வைத்திருந்தார். கடிதம் அந்தத் தாளோடு சேர்ந்தே அமைச்சகத்துக்கும், அங்கிருந்து அவர் வேலை பார்த்த ஆணையத்துக்கும் போனது. 2003 நவம்பர் 27 அதிகாலையில் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறிக் கொலை என்று சிபிஐ சொன்னது. 2010இல் மூவருக்குத் தண்டனையும் ஆனது. அதன் பின்னாலும் கடிதம் கைமாறிய விதத்துக்குச் சமாதானம் கிடையாது.

அதன் விளைவாக 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் போட்டது. மத்திய அரசு, அதன் நிறுவனங்கள் தொடர்பான ஊழல் புகாரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் அனுப்ப வேண்டும். உறைமேல் அனுப்புநர் பெயர் எழுதக் கூடாது. பெயரும் முகவரியும் உள்ளே கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ தனித்தாளிலோ இருக்க வேண்டும். அங்கே அந்தப் பகுதியைப் பிரித்து எடுத்துவிட்டுப் புகாரை மட்டும் விசாரணைக்கு அனுப்புவார்கள். காகிதத்தில் இது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள்: பெயர் ஓர் இடத்தில் இருக்கிறது, அதை விலக்கலாம். மின்னஞ்சலில் அனுப்புநர் ஐந்தாறு இடத்தில் இருக்கிறார், பார்வர்டு செய்தால் எல்லாம் கூடவே போகும். 2014இல் நிறைவேறிய தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் பெயர் சொல்லாத புகாரை அது ஏற்பதில்லை. ஆகவே பெயரைச் சொல்லியே மறைக்கும் வழியை நாங்கள் தேட வேண்டியிருக்கிறது.

அலுவலகத்துக்கு அடுத்தபடியாகக் காட்டிக்கொடுப்பது மனுவின் உள்ளடக்கம். மனு எழுதும் தொழிலில் எனக்கு அதிகம் யோசனை தருவது இந்தப் பகுதிதான்.

ஒருவர் சொன்னார்: சனிக்கிழமை ராத்திரி வெள்ளை வண்டி வந்தது, ஆறு பேர் ஏறினார்கள், காட்டு செக்போஸ்ட்டுக்கு முன்னால் ஒருவர் மட்டும் இறங்கிக்கொண்டார், மீதி ஐந்து பேர் போனார்கள். கேட்கும்போது நல்ல விவரமாகத் தெரிகிறது. ஆனால் வண்டிக்குள் நடந்தது யாருக்குத் தெரியும்? இறங்கியவருக்கும் அவர் வீட்டுக்கும். புரோக்கர் இந்த வரியைப் படித்த நிமிடத்தில் யார் சொன்னது என்று கண்டுபிடித்துவிடுவார். நான் அதை 'சனிக்கிழமை இரவு இந்த ஊரிலிருந்து ஆட்கள் வெளியூர் அழைத்துச் செல்லப்பட்டார்கள்' என்று மாற்றுவேன். வண்டி எந்த வழியாகப் போகும், எந்தக் கிழமைகளில் வரும் என்பதை விட்டுவைப்பேன். அதிகாரிக்கு அது வேண்டும், ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். கல்யாண விஷயத்தில் 'பெண்ணே அழுதுகொண்டு சொன்னாள்' என்று எழுதினால் அவள் யாரிடம் அழுதாள் என்று தேடுவார்கள். தோழி மாட்டுவாள். 'பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதியைப் பாருங்கள்' என்று மட்டும் எழுதினால் அதிகாரி நேராக ஆதாரத்துக்குப் போகலாம், நடுவில் யாரும் இல்லை.

ஒவ்வொரு வரியையும் வைத்துக்கொண்டு நான் கேட்பது: இதை எங்கே நின்று பார்த்தால் தெரியும்? அந்த இடத்தில் ஒரே வீடு இருந்தால் வரி போக வேண்டும். உறவுமுறைச் சொல் போக வேண்டும். 'மாமன்' என்று ஒரு முறை வந்துவிட்டால் சொந்தத்தில் யார் என்று எண்ணிப் பார்த்துவிடுவார்கள். மலைப்பேச்சில் மட்டும் வழங்கும் சொற்களையும், தொடர்ந்து ஒரே மாதிரி வரும் எழுத்துப்பிழையையும் மாற்றுகிறேன். அதே நேரம் எல்லாவற்றையும் நீக்கி எடுத்தால் மனு வெறும் வதந்தி ஆகிவிடும், யாரும் அதை நம்பி வண்டி எடுக்கமாட்டார்கள். எதை விட வேண்டும், எதை வைக்க வேண்டும் என்பதற்கு விதி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. வந்தவரோடு உட்கார்ந்து அரை மணி, ஒரு மணி பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இணைப்புகளும் கவனிக்க வேண்டியவை. போனில் எடுத்த போட்டோவுக்குள் எடுத்த நேரம், போனின் மாடல், லொகேஷன் ஆன் செய்திருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இவை உதிர்ந்துவிடும். மெயிலில் இணைத்தால் பெரும்பாலும் அப்படியே போகும். போடாத ரோட்டைத் தன் வாசலில் நின்று படம் எடுத்தவர், தன் வாசலின் இடத்தையே சில மீட்டர் துல்லியத்தில் அனுப்புகிறார். வேர்ட் கோப்பில் 'ஆத்தர்' என்ற இடத்தில் கணினியின் சொந்தக்காரர் பெயர் இருக்கும். விண்டோஸில் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பக்கத்தின் அடியில் இவற்றை நீக்க ஒரு வழி இருக்கிறது. இலவசம்தான், செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குக் காவலூர் ஞாபகம் வரும். இதே மலையில், ஆலங்காயம் போகும் வழியில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1988 பிப்ரவரி 17 அன்று அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். எந்த நேரத்தில், பூமியின் எந்த இடத்திலிருந்து பார்த்தோம் என்ற குறிப்பு இல்லாவிட்டால் அப்படிப்பட்ட கண்டுபிடிப்பை உலகம் ஏற்காது. நேரமும் இடமும் அங்கே அவர்களுக்குச் சான்று. என் கடைக்கு வருகிறவர்களுக்கு அதே இரண்டையும்தான் நான் தேடித் தேடி நீக்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பெயரில்லாமல் அனுப்ப வேண்டும் என்று வருபவரிடம் முதலில், மெயில்தான் வேண்டுமா என்று கேட்கிறேன். குழந்தைத் திருமணம் என்றால் 1098க்குப் போன் செய்யலாம். அழைத்தவர் யார் என்று ஊருக்குச் சொல்ல அவர்களுக்கு அவசியமில்லை. கொத்தடிமை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கோ கலெக்டருக்கோ நேரில் ஒருவர் போய்ச் சொல்வதற்கு ஈடில்லை; திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் திருவண்ணாமலையில் கூடும் கூட்டத்தில் ஒரு முகம் தனியாகத் தெரியாது. மெயில்தான் என்றால் என் கடையிலிருந்து வேண்டாம். போளூருக்கோ வேலூருக்கோ வேறு வேலையாகப் போகும் நாளில், சொந்தப் போன் டேட்டாவில், பிரவுசரிலிருந்து, இதற்கென்று தொடங்கிய கணக்கிலிருந்து அனுப்பச் சொல்கிறேன். சம்பவம் நடந்த அன்றைக்கே அனுப்பாமல் ஓரிரு நாள் தள்ள முடியுமானால் தள்ளச் சொல்கிறேன்; உயிர் ஆபத்து என்றால் அது பொருந்தாது, அப்போது உடனே போன்தான். இந்தப் பேச்சுக்கு நான் காசு வாங்குவதில்லை.

கடிதத்தின் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: 'அனுப்புநர் விவரம் இல்லாமல், புகாரின் பொருளை மட்டும் தனிக்குறிப்பாக எழுதி விசாரணைக்கு அனுப்பும்படி வேண்டுகிறேன்.' இதற்குச் செலவு இல்லை, புதிய சாஃப்ட்வேர் தேவையில்லை. மெயிலைப் பிரிண்ட் எடுப்பதற்குப் பதில் நாலு வரி டைப் செய்ய வேண்டும். இந்த மலைக்குத் தொடர்புடைய ஒரு அலுவலகத்தில் இருந்தவர் இதைப் படித்துவிட்டு, அப்படியே செய்ய ஆரம்பித்தார். அவர் காலத்தில் வந்த புகார்களில் யார் பெயரும் கீழே இறங்கவில்லை. அவர் மாறுதலாகிப் போனதும் அடுத்து வந்தவரை நேரில் பார்க்கப் போனேன். அந்தப் பையனின் கதையைச் சொன்னேன், துபேயின் கதையைச் சொன்னேன். அவர் தன் உதவியாளரைக் கூப்பிட்டு, பெயர் வேண்டாம் என்று கேட்டு வரும் மெயில் எதையும் இனிமேல் பார்வர்டு பண்ணக் கூடாது, தன்னிடம் கொண்டுவர வேண்டும் என்றார். அடுத்த ஆபீஸுக்கு அடுத்த வாரம் போக வேண்டும்.